திருடன் குரலில் பேசியவள்

அந்தத் தெருவில் பயப்படுவதற்கென்று சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைப்பதாக இருந்தால், நேர்முகத் தேர்வே இல்லாமல் அந்த வேலை அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். லிஃப்டுக்குள் போகப் பயம். யாராவது கதவை வேகமாகத் தட்டினால் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் உள்ளங்கை ஈரமாகிவிடும். முன்பு அவள் வேலை பார்த்த துணிக் கம்பெனியில், பக்கத்து மெஷின்களில் காலர் தைத்தவர்கள் அவளுக்கு ‘நடுக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றாலே அவளுடைய தையல் கோணிக்கொண்டு போகும். “நடுக்கம், சார் போயிட்டாரு. இப்ப மூச்சு விடு” என்று யாராவது சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

பிற்பாடு பேங்க் வேலைக்கு வந்ததும் பெயர் பேங்க்கக்கா என்று மாறிவிட்டது. நடுக்கம் மட்டும் கூடவே வந்தது.

கம்பெனியை விட்டதற்குக் காரணமும் ஒரு பயம்தான். அவள் கணவர் டேங்கர் லாரி ஓட்டுபவர். எண்ணெய் டிப்போவில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கிவிட்டு, வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அடுப்பை அணைத்து, தண்ணீர் வாளியைக் கவிழ்த்து, தட்டில் தின்ன ஏதாவது வைத்து, குழந்தையை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் திரும்பி வந்தபோது, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாகச் சின்ன விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கூப்பிட்டாள். விரல்கள் அசையவில்லை. சாவி துவாரத்துக்குள் நுழைய மாட்டேன் என்றது. கதவை அங்குலம் அங்குலமாகத் தள்ளிப் பார்த்தால், அழுது களைத்துப்போய், கையை நீட்டியபடியே குழந்தை தூங்கியிருந்தது.

அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த விரல்கள் அசையாமல் கிடந்த நேரம் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை.

தெருமுனை பேங்கில், வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கவும் கொடுக்கவும் கைரேகை மெஷின் எடுத்துக்கொண்டு போக உள்ளூர் ஆள் தேடினார்கள். நிரந்தர வேலை இல்லை, கமிஷன்தான். ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து, உள்ளே போகலாமா கூடாதா என்று நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை அவள் நன்றாக அறிவாள். அவளும் அப்படித் திரும்பிப் போனவள்தான். அதனால் பேங்குக்கு வரப் பயந்தவர்களிடம் பேங்கைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை அவளுக்குப் பொருந்திப் போனது. “நானே பயந்தவ. என்னையப் பாத்து நீங்க பயப்படலாமா?” என்பாள். விரலை வைப்பார்கள். மெஷின் ‘டிங்’ என்று சொல்லி ரசீதைத் துப்பும்.

சில வருஷம் கழித்து அந்தக் கிளைக்கு வந்த மேனேஜர் சின்ன வயசுக்காரர். நாற்காலியில் நிலையாக உட்காராத மனிதர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, “அக்கா, ஊர் நல்லதுக்குன்னு பேங்க்ல ஒரு நிதி ஒதுக்கியிருக்காங்க. உங்க தெருவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். கடன் கேட்பாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

“ஒரு ரூம் வேணும் சார்.”

“என்ன ரூம்?”

“வேலைக்குப் போறவங்க புள்ளைங்களப் பூட்டாம விட்டுட்டுப் போக ஒரு ரூம். பாத்துக்க ஒரு ஆளு.”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு வழி பண்ணினார். பாதிச் செலவை பேங்க் தரும். மீதிப் பாதியைத் தெரு தானே சேர்க்க வேண்டும். சேர்த்துப் பழகினால்தான் அறையைப் பிறகும் நடத்துவார்கள் என்பது அவர் கணக்கு. வாராவாரம் அவளுடைய மெஷினில் தெருப் பெண்கள் விரல் வைத்தார்கள். கணக்கு இரண்டு பேர் பெயரில்: ஒருத்தி பேங்க்கக்கா, இன்னொருத்தி முட்டைக் கடை வைத்திருந்த முட்டைக்காரம்மா. பணம் அந்தக் கணக்கை விட்டு நகர வேண்டுமானால் இரண்டு பேருடைய போனுக்கும் தனித்தனியாக ஒரு ரகசிய எண் வரும். இரண்டையும் போட்டால்தான் நகரும்.

கூடவே மேனேஜர், கிளைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வகுப்பும் ஆரம்பித்தார். ‘நிதிக் கல்வி’ என்று பெயர். சுவரில் படம் காட்டினார். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே உண்டியலில் காசு போட்டாள். நாள் முழுக்கச் செங்கல் சுமந்துவிட்டு வந்த பெண்கள் இருட்டைக் கண்டதும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஒரு வாரம் படம் ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. எல்லோரும் எழுந்து கிளம்பப் பார்த்தார்கள். மேனேஜர் தவித்துப் போய், “அக்கா, அந்த போன்ல ஏமாத்தற திருடனுங்களைப் பத்தியாவது நீங்க சொல்லுங்களேன்” என்றார். பத்துப் பேருக்கு முன்னால் நின்று பேச அவளுக்குத் தைரியம் ஏது? கதவுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள். மறைந்தவள், எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, ஆம்பிளைக் குரல் எடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

“ஹலோ. பெரிய ஆபீஸ்ல இருந்து பேசறேம்மா. உங்க வீட்டுல ஒருத்தர் மாட்டியிருக்காரு. பதறாதீங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்...”

கொட்டகை கப்சிப் ஆனது. தூங்கிக்கொண்டிருந்தவள் கூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முட்டைக்காரம்மா வாய்விட்டே, “ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டார்.

யாரை எந்த இடத்தில் தொட்டால் ஈரக்குலை நடுங்கும் என்று, பிறந்ததிலிருந்து பயந்தே வளர்ந்த அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அதுதான் பாடம். பின்பக்கம் விரிசல் விட்ட, உயிரில்லாத பழைய போன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு அவள் திருடனாக வருவாள். மற்றவர்கள் மாட்டாமல் தப்பிக்க வேண்டும். தப்பிக்க ஒரே ஒரு பதில்தான் உண்டு. ‘எந்த ஆபீஸ்னு சொல்லு, நேர்ல வரேன்’ என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட வேண்டும். ரகசிய எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கு எல்லோருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும். விளையாட்டு சூடு பிடித்ததும் கொட்டகைக்கு வெளியேயும் வந்துவிட்டது. குழாயடியில், கடை வாசலில், நடுத்தெருவில், எங்கு வேண்டுமானாலும் பேங்க்கக்கா திருடனாகி வந்து நிற்பாள்.

“ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். “திருடனுக்கு நம்மளப் பத்தி ஒண்ணுமே தெரியாது. பயத்துல நாமதான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்போம். அழுவான், கெஞ்சுவான், இது வெளையாட்டு இல்லம்பான். எதுக்கும் மசியக் கூடாது.”

சுவர்கள் எழும்பிவிட்டன. கூரையும் போட்டாயிற்று. ஜன்னல், கதவு, தரைக்கு வேண்டிய பணம் கணக்கில் முழுதாக இருந்தது. அப்போதுதான் அந்த போன் வந்தது.

உச்சி வெயில் நேரம். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, மெஷினில் விரல் வைக்கும் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஹலோ, யாரும்மா பேசறது?” கனத்த குரல். பின்னால் வயர்லெஸ் கரகரத்தது. யாரோ யாரையோ அதட்டினார்கள். “விசாரணைப் பிரிவு அதிகாரி பேசறேன். உங்க வீட்டுக்காரர் விஷயமா.”

கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள்.

“டேங்கர் எங்கயாவது கவுந்துடுச்சா சார்?”

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். “டேங்கர் எங்ககிட்டதான் இருக்கு. அதுல இருக்கக் கூடாதது இருந்துச்சு. ஆளையும் பிடிச்சு வெச்சிருக்கோம்.”

“அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல சார். பீடி கூடப் பிடிக்க மாட்டாரு.”

“அதை நாங்க பாத்துக்கறோம். லைனைக் கட் பண்ணக் கூடாது. பண்ணினா அங்க அவருக்கு என்ன நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?”

அவளிடம் மகள் பாடத்துக்கு வைத்திருந்த பழைய போன் ஒன்று இருந்தது. கையில் இருந்த போனைக் கட் பண்ணாமலே, அதில் கணவருக்கு அடித்துப் பார்த்தாள். ‘நீங்கள் அழைத்த எண் தற்போது’ என்று ஒரு பெண் குரல் நிதானமாக ஆரம்பித்தது. முழுதாகக் கேட்க அவளால் முடியவில்லை. திரும்ப அடித்தாள். அதே குரல், அதே நிதானம்.

அவர் நல்லவர் என்று நிரூபிக்க வழி இருக்கிறது என்றான் அவன். அவள் பெயரில் இருக்கும் எல்லாக் கணக்கையும் சோதிக்க வேண்டும். பணத்தை அரசாங்கப் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றினால், சோதித்துவிட்டுச் சாயங்காலமே திருப்பிவிடுவார்கள். ஒரு கணக்கை மறைத்தாலும் அவர் கதை முடிந்தது.

“என் கணக்குல ஒண்ணும் பெருசா இல்ல சார்.”

“வேற? உன் பேர் எதுல எல்லாம் இருக்கு? யோசிச்சுச் சொல்லு. உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

அவள் சொல்லிவிட்டாள். தெருக் கணக்கை நம்பரோடு சொன்னாள். இரண்டு பேர் என்பதைச் சொன்னாள். அவளுடைய போனுக்கு எண் வந்தது. தெருவில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று தொண்டை வறளப் பாடம் நடத்தியவள், அதை ஒவ்வொரு இலக்கமாக அவனுக்கு வாசித்துக் காட்டினாள். சுவரில் மாட்டியிருந்த கணவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

“இன்னொரு எண்? அந்த இன்னொரு பொம்பள?”

“முட்டைக் கடைல இருப்பாங்க.”

“போ. போய் வாங்கு. இயர்போனை மாட்டிக்கோ. என்ன ஏதுன்னு அந்தம்மாகிட்ட சொன்னே, அவ்வளவுதான்.”

செருப்பு போடாமல் தெருவில் இறங்கினாள். வெயிலில் தரை தகித்தது. காலுக்கு அது உறைக்கவில்லை. கட்டி முடியாத அறையின் கதவில்லாத வாசலைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் திரும்பாமலே போனாள். காதுக்குள் அவனுடைய மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது. ‘போறியா? எங்க இருக்கே? ஏன் இவ்வளவு நேரம்?’ எதிரில் வந்தவர் யாரோ, “என்ன பேங்க்கக்கா, நெருப்புப் பிடிச்ச மாதிரி ஓடறீங்க?” என்றார். அவரிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. காதுக்குள் இருந்தவன், “யாரது?” என்றான். வாயை மூடிக்கொண்டாள்.

முட்டைக்காரம்மா கடையில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். அதற்கு நேரே முட்டையைப் பிடித்து, கெட்டதா நல்லதா என்று பார்த்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரியிடம் வேலை பார்க்கும் சித்தாள் ஒருத்தி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள்.

“பெரியக்கா...” மூச்சு வாங்கியது. “உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேக்காதீங்க. அவசரம். சீக்கிரம் சொல்லுங்க.”

முட்டைக்காரம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. முட்டையைப் பத்திரமாக அட்டையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் ஊன்றினார்.

“ஏ சித்தாளு, பாத்தியாடி? கேக்காதீங்கவாம், அவசரமாம்! பட்டப்பகல்ல திருடன் வந்திருக்கான்!”

சித்தாள் கைகொட்டினாள். “நேத்துதானேக்கா என்னைக் குழாயடில மடக்கினீங்க. இன்னைக்குப் பெரியக்காவா?”

“இல்லக்கா. வெளையாட்டு இல்ல...”

“இதையேதான் போன வாரமும் சொன்னே!” என்றார் முட்டைக்காரம்மா. “இது வெளையாட்டு இல்லம்பான், மசியக் கூடாதுன்னு நீதானேடி சொல்லிக் குடுத்தே? அன்னைக்கு ஏமாந்து நான் கழுவுன கிளாஸுல என் ரேகையே அழிஞ்சுபோச்சு. இனிமே இந்தப் பருப்பு இங்க வேகாது.”

“பெரியக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

அவள் உண்மையாகவே குனிந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கடை வாசலில் முட்டை வாங்க வந்தவர்கள், போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். தெருவுக்கே தெரிந்த விளையாட்டு ஆயிற்றே.

“அழுகை வேறயா! வெங்காயம் உரிச்சுட்டு வந்தியா?”

“இன்னைக்கு நடிப்பு ஒரு படி மேலதான்!”

“பெரியக்கா, விட்றாதீங்க! கிளாஸ் நெறைய இருக்கு!”

சிரிக்கும் முகங்கள் அவளைச் சுற்றி வட்டம் கட்டின. ஒவ்வொரு முகத்தையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு விரலையும் அவள் மெஷினில் வைத்து அழுத்தியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட அவளுடைய அழுகை அழுகையாகத் தெரியவில்லை. எந்த வாசல் வழியாகவும் திருடன் நுழையக் கூடாது என்று ஒவ்வொன்றாக அடைத்தவள் அவள்தான். இப்போது வெளியே நின்று தட்டுவதும் அவள்தான். காதுக்குள் அவன் கத்தினான். “யாரு சிரிக்கிறது? எத்தனை பேர் இருக்காங்க அங்க? இங்க பாரு, யாருகிட்டயும் மூச்சு விடாதே. உன் நல்லதுக்குத்தாம்மா...”

அதே நேரம் சித்தாள், கதவுக்குப் பின்னால் நின்று பேங்க்கக்கா பேசுவாளே அந்தக் குரலை அப்படியே எடுத்து, கூட்டத்தைப் பார்த்து இழுத்தாள்: “உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்!”

“...சொல்றேன்” என்று காதுக்குள் முடிந்தது.

வெளியே ஒரு குரல், உள்ளே ஒரு குரல். ஒரே வார்த்தை. ஒரே இழுவை.

டேங்கர் என்று முதலில் சொன்னது யார்? நான். தெருக் கணக்கு என்று சொன்னது? நான். முட்டைக் கடை என்று சொன்னது? அதுவும் நான். ‘பயத்துல நாமதான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்போம்.’ அது தெரிந்த பிறகும் பயம் ஓர் அணுவளவும் குறையவில்லை. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது. ஒருவேளை இவன் நிஜமாகவே அதிகாரியாக இருந்துவிட்டால்? அவரைக் கட்டிப்போட்டு வைத்திருந்தால்? அந்தப் பெண் குரல் ஏன் அவ்வளவு நிதானமாகப் பேசியது?

முட்டைக்காரம்மாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவர் பார்த்தது அவள் முகத்தை இல்லை, அவள் கையை.

“அடியே,” என்றார் மெதுவாக. “அந்த ஒடஞ்ச போன் எங்கடி?”

அவள் கையில் இருந்தது அவளுடைய சொந்த போன். திரை எரிந்துகொண்டிருந்தது. தெரியாத எண் ஒன்றும், அதற்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்த நேரமும் தெரிந்தன.

முட்டைக்காரம்மா கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கிவிட்டது. சித்தாளின் வாய் திறந்தபடி நின்றது. பக்கத்தில் வந்து, அவளுடைய காதிலிருந்து ஒரு பக்க இயர்போனை மட்டும் உருவித் தன் காதில் வைத்துக்கொண்டார். கேட்டார். முகம் வெளுத்தது.

வெளியே சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்தார். ‘வை.’

அவள் தலையை ஆட்டினாள். இயர்போன் ஒயரில் இருந்த மைக்கைப் பொத்திக்கொண்டு, “வெச்சா அவரை ஏதாவது பண்ணிடுவாங்கக்கா. அவரு போன் எடுக்கல. ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கல” என்றாள்.

முட்டைக்காரம்மா நினைத்திருந்தால் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சொல்லுடி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தியே, அதைச் சொல்லு. சொல்லிட்டு வை. என்ன வந்தாலும் நான் கூட இருக்கேன்” என்றார்.

அவள் கையை எடுத்தாள்.

“எந்த...” மறுபடி ஆரம்பித்தாள். “எந்த ஆபீஸ்னு சொல்லுங்க சார். நேர்ல வரேன்.”

“என்னது?”

“அவரை எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. நான் நேர்ல வரேன்.”

கொஞ்ச நேரம் வயர்லெஸ் மட்டும் கரகரத்தது. பிறகு அந்த அதிகாரி, அதிகாரியின் வாயில் வரக் கூடாத ஒரு வார்த்தையால் அவளைத் திட்டினான். குரலில் இருந்த கனம் கழன்று, யாரோ ஒரு சின்னப் பையனுடைய குரல் மாதிரி கீச்சென்று ஆனது.

சிவப்புப் பொத்தானை அமுக்க விரல் வளைய மறுத்தது. விரல் நுனியில் மகளுடைய அந்த அசையாத விரல்கள் ஞாபகம் வந்தன. அமுக்கினாள்.

போன் இருட்டாகிவிட்டது. தான் கணவரைக் கொன்றுவிட்டோமா, காப்பாற்றிவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முட்டைக்காரம்மா கடையைச் சித்தாளிடம் விட்டுவிட்டு அவளை பேங்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டருக்கு வந்து, இடது கையாலேயே தட்டினார். கணக்கை முடக்கினார். புகார் எண்ணுக்கும் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

“ஒரு எண் தான்க்கா போட்டிருக்கான். ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டே இருந்திருக்கான். பணம் அப்படியே இருக்கு. ஒரு பைசா நகரல.”

“அவரு?” என்றாள்.

மேனேஜர் டேங்கர் கம்பெனிக்கு அடித்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். “சாப்பாட்டு நேரம்க்கா” என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி.

அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டோக்கன் பலகையில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருத்தர் எழுந்து போய், வேலையை முடித்துவிட்டு, வெளியில் வெயிலுக்குள் போனார். உலகம் எப்படி இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பணம் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு முறை அவளுக்கே, பணம் போயிருந்தால் அவர் வந்திருப்பாரோ என்று தோன்றிவிட்டது. முட்டைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறையப் பேசுகிறவர் பேசாமல் இருப்பது இன்னும் பயமாக இருந்தது.

போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. முட்டைக்காரம்மாதான் எடுத்து அவள் காதில் வைத்தார்.

“என்னடி, புள்ள போன்ல இருந்து எனக்கு அடிச்சிருக்கே? புள்ளைக்கு ஏதாவதா?”

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

“ஹலோ? காது கேக்குதா? டிப்போ கேட்டுல போனை வாங்கி வெச்சுக்கிட்டானுங்க. உள்ள லைன் எவ்வளவு நீளம் தெரியுமா? எப்பவும் நடக்கறதுதானே. உனக்குத் தெரியாதா என்ன?”

தெரியும். எண்ணெய் டிப்போவுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது, கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். அவர் டிப்போவுக்குப் போகும் நாளெல்லாம் அவருடைய போன் செத்துத்தான் கிடக்கும். பயம் முதலில் அதைத்தான் தின்றிருந்தது.

“தெரியும்” என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

அடுத்த வகுப்புக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? மெஷினை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி காலர் தைக்கப் போய்விடலாம் என்றிருந்தாள். முட்டைக்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

“வரியா, தூக்கிட்டுப் போகட்டுமா?”

“எல்லாரும் சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். அவளுங்க சிரிச்சுதான் அன்னைக்குப் பணம் தப்பிச்சுது.”

போனாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். இந்த முறை கதவுக்குப் பின்னால் மறையவில்லை; சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அன்று கைகொட்டிய சித்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “என்னால நம்பவே முடியலக்கா. நீங்க நெஜமா அழுதீங்க, நான் கேலி பண்ணிட்டேன்” என்றாள்.

“நீ கேலி பண்ணாம இருந்திருந்தா நான் நம்பர் சொல்லியிருப்பேன்டி” என்றார் முட்டைக்காரம்மா. பிறகு தொண்டையைச் செருமினார். “சரி. அழுது முடிச்சாச்சா? இவ எண்ணைச் சொன்னாளா இல்லையா? சொன்னா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். எடுங்கடி கிளாஸை.”

அப்போதுதான் கொட்டகை சிரித்தது. மேனேஜர் “அக்கா, நான் கழுவறேன்” என்று எழுந்தவர், முட்டைக்காரம்மா முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார். பேங்க்கக்கா கிளாஸ்களை அள்ளிக்கொண்டு குழாய்க்குப் போனாள். அவை ஒன்றோடு ஒன்று மோதிக் கலகலத்தன.

பாதி கழுவியிருப்பாள். போன் அடித்தது. தெரியாத எண்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நுரை வழியும் கையோடு அவள் போனை எடுத்தாள்.

“எந்த ஆபீஸ்னு சொல்லு. நேர்ல வரேன்.”

“ஆபீஸா? அம்மா, நான் கதவு செய்யற ஆசாரி” என்றது ஒரு சாவகாசமான குரல். “நீங்க எங்கயும் வர வேணாம். அந்தப் புள்ளைங்க ரூமுக்குக் கதவு அறுத்துக்கிட்டிருக்கேன். கதவுக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு சந்து விடட்டும்னு கேக்கத்தான் அடிச்சேன்.”

அவள் குழாயை மூடினாள்.

“விரல் நுழையாத அளவுக்கு வைங்கண்ணே” என்றாள். குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. “எவ்வளவு சின்ன விரலா இருந்தாலும் நுழையக் கூடாது.”